ஏனையவை

கொழும்பிலிருந்து வந்த கோப்பில்
யாழ்ப்பாணம் ஒரு மஞ்சள் கட்டம்.
அதற்குள் ஆஸ்பத்திரி வீதி மட்டும்
சின்னதாய்ச் சிவப்பு:
முப்பது கிராம் சோப், சுண்டுவிரல் நீளப் பற்பசை,
ஒருநேரப் பால்மா.
திருவிழா இருபத்தைந்து நாளிலும்
நல்லூரில் போகாத வேகத்தில்
இங்கே போகின்றன, வருசம் முழுக்க.

"பயணிகள்" என்றான் திலின, திரையில்.
"முதுகில் பை கொழுவிய பெடியன் ஒருவனை
உறையில் போடுவோம். பின்னால் கடல்."
நான் அந்தப் பிரிவுக்குப் பெயர் வைத்தேன்.
பெயர் வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பிறகுதான் போய்ப் பார்த்தேன்,
கொக்குவிலிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிசம்.

குகனேசன் கடை எட்டடி அகலம்.
எதிரே பெரியாஸ்பத்திரி வாசல்.
"எத்தினையாம் வாட்டு, பிள்ளை?"
வாட்டு இல்லை, கொம்பனி என்றேன்.
முகம் கொஞ்சம் மாறிற்று.
ஆனாலும் ஸ்டூலை இழுத்துவிட்டார்.

இரண்டு நாள் இருந்து எண்ணினேன்.

புங்குடுதீவுப் பஸ்ஸால் இறங்கி வந்தவர்
சோப் ஒன்று எடுத்தார்.
காசு கொடுத்தார். படியில் இறங்கி நின்றார்.
திரும்ப வந்து
இன்னொன்று எடுத்தார்.
அந்த இடைவெளியில் அவர் போட்ட கணக்கு
நான் படித்த எந்த மொடலிலும் இல்லை.

பெரிய பால்மாப் பெட்டி வாங்கிப்போன ஒருத்தி
அடுத்தநாள் காலை
உடைக்காமலே கொண்டுவந்து வைத்தாள்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
லாச்சியைத் திறந்து காசை எண்ணிக் கொடுத்தார்,
பெட்டியைச் சாரத் தலைப்பால் துடைத்து
முன்வரிசையில் வைத்தார்.
"வீட்ட போகினமோ?" என்றேன்.
"ஒண்டில் வீட்ட.
ஒண்டில்..."
என்றவர், அடுத்த ஆளுக்குச்
சுடுதண்ணிப் போத்தல் எடுக்கத் திரும்பினார்.

எங்கள் படிவத்தில்
திரும்பி வரும் சரக்குக்குக் காரணம் மூன்று:
உடைவு, காலாவதி, ஏனையவை.
அவர் கடையில் எல்லாமே ஏனையவை.

அன்றிரவு விலையை ஐந்து ரூபா கூட்டி
கணக்கை ஓடவிட்டேன்.
விற்பனைக் கோடு அசையவில்லை.
பத்து ரூபா. அப்போதும் அசையவில்லை.
மருந்துத் துண்டோடு வந்து
மற்றக் கடைக்கு நடக்க நேரமில்லாத ஆட்களின் கோடு
அசையாது.

அதைத்தான் எழுதினேன், பதினான்காம் ஸ்லைட்டில்.
பிழையாக ஒரு எண்ணும் இல்லை.
கீழே சின்ன எழுத்தில்
இவர்கள் பயணிகள் அல்லர்,
நோயாளியோடு நிற்பவர்கள் என்றும் போட்டேன்.
திலின அந்த வரியை எடுத்துவிட்டான்.
"உண்மைதான், ஆனால் உறையில் போட ஏலாது."
நல்லவன். என் தம்பியின் விசாவுக்கு
கடிதம் எழுதித் தந்தவன்.
ஐந்து ரூபாவுக்கு எல்லோரும் கை உயர்த்தினார்கள்.
எனக்குப் பங்குனியில் போனஸ் வந்தது.

சித்திரையில் ஒருநாள், வெயில் தாங்காமல்
சோடா குடிக்கப் போனேன்.
(சோடா எங்கேயும் குடிக்கலாம்.)
தட்டில் அந்தப் பெடியன்,
முதுகுப் பை, பின்னால் கடல்,
பழைய அறுபதின் மேல் ஒட்டிய அறுபத்தைந்து.

கையில் கனூலா பிளாஸ்டரோடு ஒரு கிழவர்
இரண்டு சோப்பை நீட்டினார். பழைய உறை.
அறுபதுக்கு வாங்கியது.
குகனேசன் நூற்று முப்பது எண்ணிக் கொடுத்தார்.

பத்து ரூபா கூட.
பிழைவிட்டாரோ தெரியாது,
விலை மாறினது மறந்துபோச்சோ.
நான் கேட்கவில்லை.
கிழவரும் எண்ணிப் பார்க்காமல்
சேட்டுப் பையில் திணித்துக்கொண்டு
பஸ் நிலையப் பக்கம் போனார், தனியாக.

சோடாப் போத்தலைத் திருப்பி வைத்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
போன தரம் சொன்னதை மறந்திருந்தார்.

"எத்தினையாம் வாட்டு, பிள்ளை?"